ஆகாய மார்க்கமாகப் பூச்சி மருந்து

ஆள் ஏறாமல் பறக்கும் டிரோன் என்னும் சிறு விமானத்தைக் கொண்டு வயல்களில் பூச்சி மருந்து தெளிக்கும் முறை நமது தேசத்தில் வேகமாகப் பரவி வருகிறது. 2021-ம் வருஷம் ஆகஸ்டு 25-ந் தேதி டிரோன் விதிகள் வெளியாயின. அதே வருஷம் டிசம்பரில், இவ்விமானங்களால் மருந்து தெளிப்பது எப்படி என்பதற்கான நடைமுறைக் குறிப்புகளை மத்திய விவசாய இலாகா பிரசுரித்தது. 2023-ம் வருஷம் நவம்பரில் மத்திய மந்திரி சபை ரூ.1,261 கோடி ஒதுக்கி, 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு இந்த யந்திரங்களை வழங்கும் திட்டத்தை அங்கீகரித்தது. விலையில் 100-க்கு 80 பங்கு, ரூ.8 லட்சம் வரையில், சர்க்கார் பொக்கிஷத்திலிருந்து கொடுக்கப்படும் என்றும் ஏற்பாடாயிற்று.

இவ்வளவு பெரிய காரியம் நடந்தும், இதைப் பற்றி நமது பொதுமேடைகளில் தக்க விவாதம் நடைபெறவில்லை என்பது வருந்தத்தக்கது. ஒரு சாரார் புதுமை என்பதற்காகவே இதைக் கொண்டாடுகிறார்கள். மற்றொரு சாரார் யந்திரம் என்ற ஒரே காரணத்தால் முகம் சுளிக்கிறார்கள். இரு திறத்தாரும் அண்ணாந்து யந்திரத்தைப் பார்க்கிறார்களே யன்றி, அதன் வயிற்றில் இருக்கும் 10 லிட்டர் திரவத்தைப் பார்ப்பவராகக் காணோம். நாம் பார்க்க வேண்டியது அத்திரவத்தைத்தான். அதுவும் ஆள் உயரத்துக்கு மேல் வளரும் பருத்தி, சோளம், மக்காச்சோளம், துவரை, கரும்பு ஆகிய பயிர்களின் மீது, அறுவடையை ஒட்டிய காலத்தில் அது விழும்போது என்ன நேர்கிறது என்பதைத்தான்.

யந்திரத்துக்கு ஆதரவாகச் சொல்லக் கூடியதை முதலில் சொல்லிவிடுவது நியாயம். அதற்கு யவத்மாலின் கதை ஒன்றே போதும்.

மகாராஷ்டிர ராஜ்யத்தின் கீழ்ப்பகுதியாகிய விதர்ப்பத்தில் யவத்மால் பருத்தி விளையும் ஜில்லா. கடனால் மனமுடைந்து உயிர் மாய்த்துக் கொள்ளும் குடியானவர்களின் ஜில்லா என்றும் அது பெயரெடுத்து விட்டது. 2017-ம் வருஷம் அங்கே பல வயல்களில் பருத்திச் செடி வழக்கத்துக்கு மீறி, ஆள் மறையும் அளவுக்கு வளர்ந்திருந்தது. காய்ப்புழுவைத் தன்னுள்ளிருக்கும் நஞ்சாலேயே கொன்றுவிடும் என்று சொல்லி விற்கப்பட்ட பி.டி. பருத்தி, இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் முன்னே அதற்குள் தோற்றுப் போயிருந்தது. காய் பிடித்து வெடிப்பதற்கு முந்திய அந்த வாரங்களில், விளைந்ததைக் காப்பாற்றும் ஆத்திரத்தில் குடியானவர்கள் மருந்துக்கு மேல் மருந்து அடித்தார்கள். இரண்டு மூன்று மருந்துகளை ஒரே வாளியில் கலந்து அடித்தவர்களும் உண்டு. விளைவு என்ன? ஜூலை முதல் நவம்பருக்குள் 20-க்கும் மேற்பட்டோர் நச்சுக் காற்றுக்கு இரையாகி மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரிகளில் கிடந்தனர்; சிலர் பார்வை மங்கி, சிலர் புத்தி பேதலித்துக் கட்டிலோடு கட்டப்பட்டுக் கிடந்தனர். மாண்டவர்களிலும் நோயுற்றவர்களிலும் பலர் நிலமற்ற கூலியாட்கள். தம் பயிரைக் காக்க அவர்கள் விஷத்தைச் சுவாசிக்கவில்லை. பிறர் பயிரைக் காக்கவே சுவாசித்தார்கள்.

செடியின் உயரத்துக்கும் மரணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பட்டணத்து நேயர்கள் கேட்கலாம். செடி இடுப்புக்குக் கீழே இருக்கும்போது தெளிப்பானின் குழாய் தரையை நோக்கியிருக்கும். மருந்து மண்ணை நோக்கி விழும். செடி தலைக்கு மேல் போய்விட்டால் குழாயை மேல்நோக்கிப் பிடிக்க வேண்டும். அடித்த மருந்து பனிபோல் அவன் முகத்திலும் தோளிலுமே திரும்பி விழுகிறது. அடுத்த அடி எடுத்து வைக்கையில், தான் நனைத்த இலைகளினூடே அவனே உரசிக்கொண்டு நடக்கிறான். முதுகில் 15, 20 லிட்டர் சுமை, மேலே வெயில், செடிகளுக்குள்ளே காற்றோட்டமில்லாத புழுக்கம். வியர்வையால் திறந்து கிடக்கும் தோலின் வழியே மருந்து உள்ளே இறங்குகிறது. கையுறையும் முகமூடியும் கண்ணாடியும் அணிந்து கொள்ளச் சொல்லி டப்பாவின் மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அந்த உடுப்பை அணிந்து அந்தப் புழுக்கத்தில் அரை மணி நேரம் நிற்க, அதை அச்சிட்ட கம்பெனியின் டைரக்டர்களை அழைத்துப் பார்க்கலாம்.

ஆகவே, கூலியாளை அந்த நச்சுப் பனியிலிருந்து வெளியே எடுக்கும் எந்த யந்திரத்தையும் நாம் எதிர்க்க முடியாது. எதிர்ப்பது பாவம். உயரப் பயிரின் நடுவே மனிதன் மருந்து அடிக்கும் வழக்கம், சாக்கடைக்குள் மனிதனை இறக்கும் வழக்கத்தைப் போலவே, நாகரிக தேசம் ஒன்றில் இருக்கத் தகாதது.

ஜப்பானியர் இந்தச் சங்கடத்தை நமக்கு முன்பே உணர்ந்தனர். கிராமத்தில் வாலிபர் குறைந்து முதியோரே எஞ்சியபோது, நெல் வயலுக்கு மருந்து தெளிக்க யமஹா கம்பெனியார் 1987-ம் வருஷத்திலேயே ஆளில்லா ஹெலிகாப்டரைச் செய்து விற்கத் தொடங்கினர். நமது தேசத்திலும், 2020-ம் வருஷம் ராஜஸ்தானத்தில் பாலைவன வெட்டுக்கிளிகள் படையெடுத்தபோது, வண்டி போக முடியாத இடங்களிலும் மரங்களின் உச்சியிலும் டிரோன்கள் மருந்து தெளித்து உதவின. மக்காச்சோளத்தில் இதன் உபயோகம் இன்னும் தெளிவானது. 2018-ம் வருஷம் கர்நாடகத்தில் முதன்முதலாகக் காணப்பட்டு, அடுத்த பருவத்துக்குள் நமது பெரம்பலூர், அரியலூர் வரை வந்துவிட்ட படைப்புழு, செடியின் குருத்துக்குள் புகுந்து தின்பது. மேலிருந்து விழும் துளி குருத்தினுள் நேரே இறங்குகிறது. செடி உயர்ந்துவிட்டால், பக்கத்திலிருந்து அடிக்கும் மனிதனுக்கு அது எளிதில் எட்டுவதில்லை.

ஆனால் எல்லாப் பூச்சிக்கும் இது ராமபாணம் என்று விற்பனைக்காரர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். பருத்தியிலே வெள்ளை ஈ இலையின் அடிப்புறத்தில் இருப்பது. காய்ப்புழு காய்க்குள்ளே இருப்பது. கரும்பின் துளைப்பான் தண்டுக்குள்ளே இருப்பது. யந்திரத்தின் விசிறிகள் கீழே தள்ளும் காற்று இலைகளை விலக்கி மருந்தை ஓரளவு உள்ளே செலுத்தும் என்பது உண்மையே. எனினும் அடர்ந்து உயர்ந்த பயிரில் மேலிலைகளுக்குக் கிடைப்பது கீழிலைகளுக்குக் கிடைப்பதில்லை. கிடைக்கவில்லை என்று கண்டதும் குடியானவன் என்ன செய்வான்? மறுபடி ஒருமுறை பறக்கச் சொல்லுவான்.

இனி அந்த 10 லிட்டருக்கு வருவோம். கைத்தெளிப்பானால் ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து அடிக்கும் மருந்தை, டிரோன் சுமார் 10 லிட்டரில் கரைத்து அடிக்கிறது. மருந்தின் அளவு ஏறத்தாழ அதுவே, தண்ணீர்தான் குறைந்தது. அதாவது விழுகிற ஒவ்வொரு துளியும் முன்னைவிடப் பன்மடங்கு கடுமையானது. துளியும் பொடிப்பொடியானது. வெயிலில் அதன் ஈரம் வழியிலேயே வற்றும். காற்றில் அது அடித்த வயலைத் தாண்டிப் பக்கத்து வயலுக்கும், அதற்கப்பாலுள்ள குளத்துக்கும் போகும். பயிருக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் பறக்க வேண்டும் என்பது நடைமுறை. பயிரே மூன்று மீட்டர் வளர்ந்திருந்தால், மருந்து புறப்படும் இடம் தரையிலிருந்து இரண்டாள் உயரத்துக்கு மேலே என்பதைக் கணக்குத் தெரிந்த எவரும் காணலாம். உயரே புறப்பட்ட துளி அதிக தூரம் பயணம் செய்யும்.

இப்படி முறையே மாறுகிறபோது, மருந்துகளை ஒவ்வொன்றாகப் பரீட்சித்து, எந்தப் பயிரில், எந்த அளவில், எத்தனை தூரம் விட்டு அடிக்கலாம் என்று நிர்ணயித்த பின்னரே அனுமதி கொடுப்பது முறை. நடந்தது வேறு. 2022-ம் வருஷம் ஏப்ரலில், ஏற்கெனவே பதிவாகியிருந்த 477 மருந்துகளை டிரோன் மூலம் தெளிக்க இரண்டு வருஷ காலத்துக்கு இடைக்கால அனுமதி ஒரே வீச்சில் வழங்கப்பட்டது. பரீட்சைக்கு வேண்டிய விவரங்களை அந்த இரண்டு வருஷத்துக்குள் கம்பெனிகள் திரட்டிக் கொள்ளலாமாம். மாணவனுக்கு முதலில் பட்டத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு சாவகாசமாகப் பரீட்சை எழுதச் சொல்லும் சர்வகலாசாலை எங்கேனும் உண்டா? அவசரத்துக்குக் காரணம் குடியானவனின் அவசரமா, யந்திரமும் மருந்தும் செய்வோரின் அவசரமா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஆகாயத்திலிருந்து மருந்து தெளித்த அநுபவம் நமது தேசத்துக்குப் புதிதன்று. நமது எல்லைக்கு அப்பால், கேரளத்தின் வடகோடியில், காசர்கோடு ஜில்லாவில் முந்திரித் தோட்டங்களின் மீது எண்டோசல்பான் என்னும் விஷத்தை ஹெலிகாப்டர்களைக் கொண்டு இருபது வருஷங்களுக்கு மேல் வருஷா வருஷம் தெளித்தார்கள். தெளித்தது அந்நிய முதலாளியல்ல. ராஜ்ய சர்க்காருக்குச் சொந்தமான தோட்டக் கழகம். தேயிலைக் கொசுவைக் கொல்வதற்கென்று சொன்னார்கள். குன்றும் பள்ளமுமான அந்தப் பிரதேசத்தில் தோட்டங்களுக்கு இடையிடையே வீடுகளும், கிணறுகளும், ஓடைகளும் இருந்தன. அந்தக் கிராமங்களில் அங்கஹீனராகவும் மூளை வளர்ச்சி குன்றியவராகவும் பிறந்த குழந்தைகளின் புகைப்படங்களைக் கண்டு உலகமே கண்ணீர் வடித்தது. கடைசியில் அதை நிறுத்தியது நிபுணர் கமிட்டியல்ல, மந்திரி சபையல்ல. விவசாய இலாகாவில் சாதாரண உத்தியோகத்தில் இருந்த ஒரு ஸ்திரீ தொடுத்த வழக்கில் ஹோஸ்துர்க் முன்சீப் கோர்ட்டு 2000-ம் வருஷம் விதித்த தடை. 2011-ம் வருஷம் மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு அம்மருந்தைத் தேசம் முழுவதும் தடுத்தது. 2017-ம் வருஷம் ஜனவரியில், பாதிக்கப்பட்டவர் ஒவ்வொருவருக்கும் ரூ.5 லட்சம் கொடுக்கும்படி அதே கோர்ட்டு கேரள சர்க்காருக்கு உத்தரவிட்டது.

இதில் தொண்டர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விசேஷம் உண்டு. காசர்கோட்டில் ஹெலிகாப்டர் பறந்த காலத்தில் சட்டம் இல்லாமலில்லை. 1958-ம் வருஷம் கேரளத்தில், கப்பலில் பூச்சி மருந்தோடு சேர்த்து ஏற்றப்பட்ட கோதுமை மாவை உண்டு 100-க்கு மேற்பட்டோர் மாண்ட கோரத்தின் பின், விசாரணைக் கமிஷன் அமைந்து, பத்து வருஷம் கழித்து 1968-ம் வருஷத்துப் பூச்சி மருந்துச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின் கீழ் 1971-ம் வருஷத்தில் செய்யப்பட்ட விதிகளில் 43-வது விதி ஆகாயத் தெளிப்பைப் பற்றியதே. அது சொல்லுவது யாது? தெளிக்கும் பிரதேசத்துக்கு எல்லை குறிக்க வேண்டும். அங்கீகரித்த மருந்தை அங்கீகரித்த அளவிலும் உயரத்திலுமே அடிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குக் குறையாமல் முன்கூட்டியே பொதுஜனங்களுக்கு அறிவிக்க வேண்டும். சம்பந்தமில்லாத மனிதரும் கால்நடைகளும் குறித்த காலம் வரை உள்ளே வராமல் தடுக்க வேண்டும். கழுவுவதற்கும் முதலுதவிக்கும் வசதி செய்ய வேண்டும். ஓட்டுபவருக்கு விஷத்தின் குணங்களைப் பற்றியும் பயிற்சி அளிக்க வேண்டும். இதைவிட நல்ல விதியை நாம் எழுதிவிட முடியாது. எனினும் அது அமலில் இருந்தபோதே காசர்கோடு நிகழ்ந்தது. காரணம், அறிவிக்கும் கடமையை விதி சொல்லிற்று. அறிவிப்பைக் கேட்டு வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. கிணற்றை மூடிவை என்று குடிமகனிடம் சொல்லிவிட்டால் கடமை தீர்ந்தது.

அன்று பறந்தது ஒரு கழகத்தின் ஒரு ஹெலிகாப்டர். எப்பொழுது வந்தது, எங்கே தெளித்தது என்று ஊராருக்குத் தெரிந்தது. நாளை பறக்கப் போவது ஆயிரக்கணக்கான சிறு யந்திரங்கள். ஒவ்வொன்றும் ஏக்கருக்குச் சில நூறு ரூபாய் வாடகைக்கு, இன்று இந்தக் கிராமம், நாளை அந்தக் கிராமம். குற்றம் நேர்ந்தால் யாரைக் கேட்பது? நிலச் சொந்தக்காரன் ஓட்டியவரைக் காட்டுவான். ஓட்டியவர் மருந்துக் கடைக்காரனைக் காட்டுவார். கடைக்காரன் கம்பெனியைக் காட்டுவான். கம்பெனியோ டப்பாவின் மேலுள்ள பொடி எழுத்தைக் காட்டும்.

ஐரோப்பியர் இவ்விஷயத்தில் வேறு வழியில் சென்றிருக்கின்றனர். 2009-ம் வருஷத்தில் ஐரோப்பிய யூனியன் பிறப்பித்த கட்டளைப்படி, ஆகாயத்திலிருந்து மருந்து தெளிப்பது பொதுவாகத் தடுக்கப்பட்டது. வேறு வழியே இல்லாத இடங்களுக்கு, உதாரணமாக ஜெர்மனியில் மோசெல் நதிக்கரையிலுள்ள செங்குத்தான திராட்சைத் தோட்டங்களுக்கு, தனி அனுமதி உண்டு. அவர்கள் தடுத்தார்கள் என்பதற்காக நாமும் தடுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அங்கே மருந்து அடிப்பவன் கண்ணாடிக் கூண்டுள்ள டிராக்டரில் அமர்ந்து செல்கிறான். இங்கே வெறுங்காலோடு நடக்கிறான். அவர்களுடைய தேவையும் நமது தேவையும் ஒன்றல்ல. ஆனால் அவர்கள் தடையைப் பொதுவாகவும் அனுமதியை விலக்காகவும் வைத்தார்கள். நாம் அனுமதியைப் பொதுவாக வைத்துவிட்டுத் தடையைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இனி நாம் சொல்லப் போவது இதுவரை எவரும் போதிய அளவில் கவனியாத விஷயம் என்று நினைக்கிறோம். பயிரின் உயரம் கூலியாளுக்கு யமனாக இருந்தது; உண்பவனுக்கோ அதே உயரம் ஒரு வேலியாக இருந்தது. கரும்பு வளர்ந்து சோகை தொங்கிவிட்டால் அதற்குள் யாரும் நுழைய மாட்டார்கள். மக்காச்சோளம் கதிர் முற்றுகிற காலத்தில் இடையே நடக்க வழி இராது. ஆகவே அறுவடைக்கு முந்திய கடைசி வாரங்களில், மனிதனால் முடியாமற் போனதாலேயே, அப்பயிர்களின் மேல் மருந்து விழாமல் இருந்தது. மருந்தடித்த பின் இத்தனை நாள் கழித்தே அறுக்க வேண்டும் என்று ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கெடு உண்டு. அந்தக் கெடுவைக் காப்பாற்றியது குடியானவனின் சட்ட ஞானமன்று; பயிரின் உயரமே. டிரோன் அந்த வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டது. நாளை அறுக்கப் போகும் கதிரின் மேல் இன்று மாலை மருந்து தெளிப்பது இனி முடியாத காரியமல்ல. பத்து நிமிஷ வேலை. கரும்பின் கொழுந்தாடையும் சோளத்தட்டையும் மாட்டுக்குப் போகிறவை என்பதையும் மறக்கலாகாது. பாலின் வழியே அது வீட்டுக்குள் வரும்.

அறுவடைக்கு முன் தெளிப்பதிலே பூச்சியைக் கொல்வதைவிட வேறொரு நோக்கமும் உலகில் பரவி வருகிறது. பயிரையே கொன்று காயவைத்து, யந்திர அறுவடைக்குத் தயார் செய்வது அது. சீனாவின் சின்சியாங் பிரதேசத்தில், பருத்தி எடுக்கும் யந்திரங்கள் இறங்குவதற்கு முன், இலையை உதிர்க்கும் மருந்தை டிரோன்கள் பெரும் பரப்பில் தெளிக்கின்றன. இலையுதிர்ந்த செடியில் பஞ்சு மாத்திரம் நிற்கிறது. யந்திரம் அதை வாரிக்கொண்டு போகிறது. நமது தேசத்தில் பருத்தி எடுப்பது பெண்களின் கை. அந்த வேலையில் வரும் கூலியே பல குடும்பங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடுப்பு. முன்னே பறப்பது டிரோன், பின்னே வருவது பருத்தி எடுக்கும் யந்திரம் என்ற இந்த ஜோடியை மத்திய சர்க்கார் வரவேற்கிறதா இல்லையா என்பதை இப்போதே பகிரங்கமாகச் சொல்லிவிட வேண்டும்.

பஞ்சு போகட்டும், அதை உடுக்கிறோம், உண்பதில்லை. உணவுப் பயிரில் என்ன நடக்கிறது? மத்திய பிரதேசத்தில் நர்மதா நதிக்கரை ஜில்லாக்களில் கோடைப் பயறு பயிரிடும் குடியானவர் பலர், மழைக்கு முன் அறுத்துவிடும் அவசரத்தில், களைக்கொல்லியாகிய பாராக்குவாட்டை முற்றிய பயறின் மேல் அடித்துக் காயவைக்கிறார்கள். களையைக் கொல்ல அனுமதிக்கப்பட்ட மருந்து அது. பயறைக் காயவைக்க அல்ல. விழுங்கியவனைக் காப்பாற்ற மாற்று மருந்தே இல்லாத விஷமும் அதுவே. பயறு குட்டைப் பயிர், கைத்தெளிப்பானே போதும். துவரைக்கு அது போதாது என்பதுதான் இதுவரை இருந்த பாதுகாப்பு. கனடாவிலோ மசூர்ப் பருப்பின் மேல் அறுவடைக்கு முன் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைத் தெளிப்பது வழக்கம். அந்தப் பருப்பை வாங்கி உண்பவர்களில் நாமும் ஒருவர். ஐரோப்பிய யூனியன் 2023-ம் வருஷம் கிளைபோசேட்டுக்கு இன்னும் பத்து வருஷம் அனுமதி நீட்டித்தபோதுங்கூட, அறுவடைக்காகப் பயிரைக் காயவைக்க அதை உபயோகிக்கலாகாது என்று தனியே ஷரத்து விதித்தது. அனுமதி கொடுத்த கையே இதைத் தடுத்தது என்றால் காரணம் இல்லாமலில்லை. நமது சர்க்கார் 2022-ம் வருஷம் அக்டோபரில், பூச்சி ஒழிப்புத் தொழிலுக்கு லைசென்சு பெற்றவர் தவிர வேறு எவரும் கிளைபோசேட்டை உபயோகிக்கலாகாது என்று உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு, ஆனால் லைசென்சு பெற்றவர் அதை எந்தப் பயிரில், எந்தப் பருவத்தில் அடிக்கிறார் என்பதே கேள்வி.

யந்திரம் யாருடையது என்ற பிரச்னையும் உண்டு. கூலிக்கு மருந்தடிப்பவன் நாள் முழுதும் உழைத்து ஓரிரண்டு ஏக்கர் முடிப்பான். டிரோன் அதை அரை மணிக்குள் முடித்துவிடும். அந்தக் கூலி போய்விடுமே என்று அழுவோருடன் நாம் சேர்ந்து அழ மாட்டோம். உயிரை விற்று வாங்கிய கூலி அது. ஆனால் விஷத்தைச் சுமந்தவனுக்கே யந்திரத்தின் லாபத்தில் முதல் உரிமை என்று கேட்போம். மகளிர் குழுக்களுக்கு யந்திரம் கொடுப்பது நல்ல ஆரம்பந்தான், வருஷத்துக்கு ரூ.1 லட்சமாவது அதிக வருமானம் கிடைக்க வேண்டும் என்ற நோக்கமும் மெச்சத்தக்கதே. அக்குழுக்களில் நிலமற்ற கூலிக்காரக் குடும்பத்துப் பெண்கள் எத்தனை பேர்? நிலமுள்ளோர் வீட்டுப் பெண்களே யந்திரத்துக்குச் சொந்தக்காரராகி, நிலமற்றோர் வீட்டு ஆண்கள் வேலையிழந்து பட்டணம் போவதானால், அது விஷத்தை இடம் மாற்றியதாகுமே தவிர நீதியாகாது.

மேலும் விஷம் உண்மையில் ஆளை விட்டு முழுதும் விலகிவிடவில்லை. வயலின் நடுவிலிருந்து வரப்பின் ஓரத்துக்கு வந்திருக்கிறது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை யந்திரம் இறங்கும்; பாட்டரியை மாற்ற வேண்டும்; தொட்டியை நிரப்ப வேண்டும். முன்னே 200 லிட்டரில் கலந்ததை இப்போது 10 லிட்டரில் கலக்கும் கை யாருடையது? திட்டத்தின்படி 15 நாள் பயிற்சி பெற்ற அந்தச் சகோதரியின் கை. அப்பயிற்சியில் ஓட்டுவதற்கு 5 நாளும், விவசாய உபயோகத்துக்கு 10 நாளும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பத்தில், விஷம் தோலில் பட்டால் என்ன செய்வது, கர்ப்பிணியாயிருந்தால் விலகி நிற்பது எப்படி என்பதற்கு எத்தனை மணி நேரம் என்று விசாரிப்பது அந்தந்த ஜில்லாத் தொண்டர்களின் கடமை.

சுதேசிப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. 2022-ம் வருஷம் பிப்ரவரியில் அந்நிய டிரோன்களின் இறக்குமதியைச் சர்க்கார் தடுத்தது பற்றிப் பலர் பூரித்துப் போனார்கள். உறுப்புக்களைத் தருவித்து இங்கே பூட்டிக்கொள்ளத் தடையில்லை என்பதையும் அவர்கள் படித்திருக்க வேண்டும். யந்திரம் எங்கே பூட்டப்பட்டது என்பதைவிட, அதிலிருந்து விழுவதை நமது தேசத்திலேயே பரீட்சித்தோமா என்பதே நமக்கு முக்கியமான சுதேசி.

செய்ய வேண்டியது என்ன என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆகாயத் தெளிப்பை அறிவித்தால் மட்டும் போதாது. கிராம சபை அங்கீகரித்த பயிர், மருந்து, எல்லை ஆகியவற்றுக்குள்ளேயே எந்த டிரோனும் பறக்க வேண்டும் என்று 43-வது விதியைத் திருத்த வேண்டும். குளம், கிணறு, பள்ளிக்கூடம், பக்கத்து வயலில் வேலை செய்யும் ஆட்கள், இவற்றிலிருந்து விட வேண்டிய தூரத்தை மருந்து வாரியாக எழுத வேண்டும். ஒவ்வொரு பறப்புக்கும் தேதி, நேரம், இடம், மருந்தின் பெயர், அளவு இவை யந்திரத்திலேயே பதிவாகும்படி செய்வது இக்காலத்தில் கஷ்டமான காரியமல்ல. அந்தப் பதிவேடு பஞ்சாயத்து ஆபீசில் எவரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். கெடு நாட்களுக்குள் அறுப்பதாயிருந்தால் அந்த வயலில் பறக்க அனுமதியே கூடாது. உணவுப் பயிரைக் காயவைக்கும் பொருட்டு எந்த மருந்தையும் ஆகாயத்திலிருந்து தெளிப்பதை அடியோடு தடுக்க வேண்டும். 1968-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2020-ம் வருஷம் மார்ச்சில் ராஜ்ய சபையில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. அம்மசோதா எந்த ரூபத்தில் திரும்பி வந்தாலும், மருந்து செய்யும் கம்பெனியே பாதிக்கப்பட்டவனுக்கு நேரே நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டது என்ற ஷரத்து இல்லாவிடில் அதை நமது பிரதிநிதிகள் ஏற்கலாகாது.

இவையெல்லாம் சட்டசபைகளில் ஆக வேண்டியவை, நாளாகும். அதுவரை உயரப் பயிர்களுக்குள் இறங்கி மருந்தடிப்போர் இறங்கிக் கொண்டேதான் இருப்பார்கள். பருத்தி, மக்காச்சோளம் விளையும் ஒவ்வொரு தாலுகாவிலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்ரோபின் ஊசி மருந்து போதிய அளவு இருக்கிறதா, இரத்தத்தில் கோலினெஸ்டெரேஸ் அளவைச் சோதிக்கும் வசதி அண்மையில் எங்கே உள்ளது, இரவில் ஆளைக் கொண்டுவந்தால் பார்க்க டாக்டர் உண்டா என்ற மூன்று கேள்விகளை நமது தொண்டர்கள் அடுத்த பருவம் தொடங்குமுன் நேரில் சென்று கேட்டு, கிடைத்த பதிலைக் கிராமச் சாவடியில் எழுதி ஒட்ட வேண்டும். ரூ.1,261 கோடிக்குச் சர்க்காரின் சம்மதம் வேண்டியிருந்தது. இதற்கு எவருடைய சம்மதமும் வேண்டியதில்லை.